1,600 கலோரி: கஞ்சித் தொட்டியிலிருந்து டயட் ஆப் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட் ஒரு திட்டில் இருந்து ஆரம்பிக்கிறது. திட்டியது எங்க ஆயா.

போன வருஷம் ஆபீஸில் ஒரு போட்டி வைத்தார்கள். மூன்று மாதத்தில் யார் அதிக எடை குறைக்கிறாரோ அவருக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச். அப்போது நான் 84 கிலோ. காலேஜ் முடிக்கும்போது 66. நடுவில் என்ன ஆச்சு என்று உங்களுக்கே தெரியும்: நாற்காலி, நைட் ஷிப்ட், ராத்திரி ஒரு மணி பிரியாணி.

ஒரு ஆப் இறக்கினேன். வயசு, உயரம், எடை கேட்டது. எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்று கேட்டது. 'மிக வேகமாக' என்று அழுத்தினேன். உடனே திரையில் ஒரு நம்பர் வந்தது. ஒரு நாளைக்கு 1,600 கலோரி. கூடவே 16:8, அதாவது பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. அது போதாது என்று நானாகவே தினமும் ஒரு மணி நேர ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து வாரத்தில் ஆறு கிலோ போச்சு. ஆபீஸில் கைதட்டு. ஆறாவது வாரம், பேசின் பிரிட்ஜ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இளநீர் விற்ற அக்கா ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றார்.

மூலக்கொத்தளம் வீட்டுக்கு வந்ததும் ஆயா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா இது, பஞ்சத்துல அடிபட்டவன் கணக்கா ஆயிட்ட?"

நான் ஆப்பைக் காட்டி விளக்கினேன். பதினாறு மணி நேரம், எட்டு மணி நேரம், கலோரி. ஆயா பொறுமையாகக் கேட்டார். ஆயா முப்பது வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் மதியம் தான் முதல் சோறு. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "இதத்தான நான் முப்பது வருஷம் பண்ணேன். அப்ப எவனும் இதுக்குப் பேரு வைக்கலியே."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 'பஞ்சத்துல அடிபட்டவன்' என்று சும்மா சொல்கிறோமே, அந்தப் பஞ்சத்தில் அடிபட்டவன் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டான் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த விடை என்னை எழுந்து உட்கார வைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

எங்க ஏரியா பஞ்சத்தின் ஏரியா

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் துருத்திக்கொண்டு நிற்கும் காவல் மேடை. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸை முற்றுகையிட்டுப் போன பிறகு, ஊரைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் ஒரு மதில் கட்டினார்கள். அந்த மதிலின் மிச்சம்தான் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா. அந்த மதிலுக்கு வரி போடப் பார்த்ததன் ஞாபகம்தான் வால்டாக்ஸ் ரோடு. எங்க ஏரியா பெயரில் இருக்கும் கொத்தளமும் அந்தக் காலத்துச் சொல்தான்.

எங்க வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னையில் வயசானவர்கள் யாரும் அதை ஸ்டான்லி என்று சொல்ல மாட்டார்கள். "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். சின்ன வயசில் அது ஏதோ கிண்டல் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு முகவரி.

1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. கிராமங்கள் எரிந்தன, விளைச்சல் போச்சு, ஜனம் மெட்ராஸுக்கு ஓடி வந்தது. 1782இல் அப்படி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஆரம்பித்தார்கள். மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆனது. தொட்டியில் கஞ்சி காய்ச்சி ஊற்றியதால் ஜனங்களுக்கு அது கஞ்சித் தொட்டி. அதை ஒட்டி 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஒரு வைத்தியசாலை தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1930களில் அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வாங்கிக்கொண்டது. பசிக்குக் கஞ்சி ஊற்றிய இடம்தான் பிறகு வைத்தியம் பார்க்கும் இடமாக ஆனது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

தாது வருஷம்

இப்போது 1876க்கு வருவோம். தமிழ் வருஷக் கணக்கில் தாது. தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, கூலி வேலை நின்றது. வாங்கக் காசு இல்லாததால் ஜனம் பட்டினி கிடந்தது. ஊரில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. 1877 பிப்ரவரியில் மெட்ராஸ் கடற்கரையில் மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கிக் கிடந்த காட்சியின் படம் இன்றும் இருக்கிறது.

அந்தப் பஞ்சம் இரண்டு வருஷம் நீடித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அன்றைக்கு அரசாங்கம் செய்த உதவிக்கு இரண்டு வடிவம். வேலை செய்ய முடியாதவர்களுக்கு முகாமில் சமைத்த சாப்பாடு. உடம்பில் தெம்பு இருப்பவர்களுக்கு வேலை: கல் உடை, மண் வெட்டு, கால்வாய் தோண்டு, கூலி வாங்கிக்கொள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். எங்க பேசின் பிரிட்ஜ் வழியாக எண்ணூர் பக்கம் போகிற வடக்குப் பகுதி அதற்கும் பல பத்து வருஷம் மூத்தது. அப்போதைய மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு என்பதால் முழுக் கால்வாய்க்கும் அவர் பெயர் வந்தது.

கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன். மெட்ராஸ்காரர்கள் அதிகமாகச் செலவு செய்கிறார்கள் என்பது அவர் கவலை. 1877 ஜனவரியில் ஒருவரை மெட்ராஸுக்கு அனுப்பினார். சர் ரிச்சர்ட் டெம்பிள்.

டெம்பிளை நேரடியாக வில்லன் ஆக்கிவிடலாம். ஆனால் கதை அதைவிடக் கசப்பானது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினார். தாராளமாக வேலை கொடுத்தார். மிகச் சிலரே இறந்தார்கள். அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, இவ்வளவு பணத்தை வீணடித்துவிட்டாயே என்ற ஏச்சு. ஆபீஸில் நீங்கள் சர்வர் விழாமல் காப்பாற்றினால், 'எதுவும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு செலவு?' என்று கேட்பார்களே, அதே கதை. ஆக, மெட்ராஸுக்கு வந்த டெம்பிள் இந்த முறை கையை இறுக்கிக்கொள்ளத் தயாராக வந்தார்.

ஒரு பவுண்டு

அதுவரை வேலைத்தளங்களில் ஒரு ஆணுக்கு ஒன்றரை பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி. டெம்பிள் அதை ஒரு பவுண்டாகக் குறைக்கச் சொன்னார். ஒரு பவுண்டு தானியத்தின் விலை, கூட உப்பு மிளகாய்க்கு ஒரு சிறு காசு. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. ஒரு பவுண்டு போதுமா என்று சோதித்துப் பார்ப்போம் என்றார். அதாவது, பல லட்சம் பேரை வைத்து ஒரு ட்ரையல்.

சரி, இப்போ கணக்கு போடுவோம். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். பச்சை அரிசியோ புழுங்கலோ, வேகவைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. 4.54 பெருக்கல் 350. விடை 1,589.

அந்த ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். என் ஆப் எனக்குக் கொடுத்த அதே நம்பர். ஏறத்தாழ 1,600.

ஒன்றரை பவுண்டுக்குக் கணக்கு போட்டால் 2,400 வரும். ஒரு கையெழுத்தில் டெம்பிள் வெட்டியது 800 கலோரி.

அங்கே இரண்டு மலை அளவு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நான் 84 கிலோ, நாள் பூரா நாற்காலி. எனக்கு எடை மாறாமல் இருக்கச் சுமார் 2,300 கலோரி வேண்டும். 1,600 சாப்பிட்டால் மிச்சம் 700ஐ உடம்பு தன் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி என்று கணக்கு வைப்பார்கள். எனக்குத் தேவைக்கு மேல் பத்து கிலோ இருந்தது. அதாவது இடுப்பைச் சுற்றி 77,000 கலோரி கட்டிக்கொண்டு அலைந்தேன்.

1877இல் மண் வெட்டியவனுக்கு அந்த இருப்பு இல்லை. வேலைத்தளத்துக்கு வருவதற்கு முன்பே பல மாதம் அரைவயிறு. 45 கிலோ எடையில், வெயிலில் நாள் முழுக்க மண் சுமந்தால் இன்றைய கணக்குப்படி குறைந்தது 2,500 கலோரி வேண்டும். கிடைத்தது 1,600. மிச்சத்தை எடுக்கக் கொழுப்பு இல்லை என்றால் உடம்பு தசையை எடுக்கும். இதயமும் ஒரு தசைதான்.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. எனக்குக் கண் இருட்டியதும் நான் நிறுத்திக்கொண்டேன். அவனுக்கு நிறுத்தும் பட்டன் இல்லை.

ஆனாலும் சிலர் அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. பம்பாய் மாகாணத்தில் இதே ஒரு பவுண்டுக் கூலியை எதிர்த்துப் பஞ்சத் தொழிலாளர்கள் பெரும் கூட்டமாக வேலையைவிட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபா அவர்கள் பக்கம் நின்று எழுதியது. பட்டினி கிடப்பவன் வேலைநிறுத்தம் செய்தான். ஒரு பவுண்டு எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எதிர்த்து நின்ற டாக்டர்

மெட்ராஸில் எதிர்ப்பு அரசாங்கத்துக்கு உள்ளிருந்தே வந்தது. டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 சென்சஸில் மெட்ராஸ் மாகாண அறிக்கையை எழுதியவரும் இவர்தான். ஆள் டேட்டா பார்ட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கு ஒரு பழைய அனுபவம் இருந்தது. 1860களிலேயே மாகாணத்து ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜெயில் கைதிகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். ஜெயிலில் சாப்பாட்டை அளந்து கொடுப்பார்கள், வேலையும் தெரியும், ஆளும் எங்கேயும் போக மாட்டான். எவ்வளவு சாப்பாட்டுக்கு உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்க அதைவிடத் தெளிவான இடம் அன்றைக்கு இல்லை. எங்க பக்கம் பாரதி பெண்கள் கல்லூரி இருக்கிற சாலைக்குப் பெயரே பழைய ஜெயில் ரோடு. காலேஜ் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிற அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஜெயில் இருந்தது.

கார்னிஷ் சொன்னது எளிமையான விஷயம். கடின வேலைக் கைதிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக, குற்றம் செய்யாத பஞ்சத் தொழிலாளிக்குக் கொடுக்கிறீர்கள். ஒன்றரை பவுண்டு தானியம் வேண்டும். வெறும் தானியம் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்குச் சாப்பாட்டைக் கலோரியில் அளக்கும் வழக்கமே இல்லை. கலோரி என்ற சொல் வெப்பத்தை அளக்க 1820களிலேயே பிரான்ஸில் வந்துவிட்டது. ஆனால் உணவைக் கலோரியில் எடை போடுவது அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் 1880களுக்குப் பிறகு செய்த வேலை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் ஒரு கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று உங்கள் ஆப் போடும் கணக்கு அவருடையது. 1877இல் விஞ்ஞானம் பேசியது நைட்ரஜன் கணக்கு. அதாவது ஒரு மாதிரிப் புரதக் கணக்கு.

அப்படியென்றால் கார்னிஷ் எதை வைத்து ஜெயித்தார்? உடம்பைப் பார்த்து. டெம்பிள் வேலைத்தளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆட்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். கார்னிஷும் அவருடைய டாக்டர்களும் போய்ப் பார்த்துவிட்டு, மெலிகிறார்கள், இன்னும் சில வாரத்தில் விழுவார்கள் என்றார்கள். வாக்குவாதத்துக்குப் பிறகு மெட்ராஸ் அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. கால் பவுண்டு கூடியது. ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. நம் கணக்கில் அது 2,100 கலோரிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் எத்தனையோ பேர் தாங்க முடியாத நிலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

தாங்க முடியாத நிலை என்று சும்மா சொல்லவில்லை. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற ராணுவ மருத்துவர், இந்தப் பஞ்சத்தில் மெட்ராஸில் இறந்த நூற்றுக்கணக்கானவர்களின் உடலைப் பரிசோதித்து, உறுப்புகளை எடை போட்டு, 1889இல் ஒரு புத்தகமாகப் போட்டார். வெளியே எலும்பு தெரிகிற மாதிரி உள்ளே உறுப்புகளும் சுருங்கிப் போயிருந்தன. முகாமுக்கு வந்து சோறு கிடைத்த பிறகும் பலர் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் சோறு கொடுத்தாலும் உடம்பால் வாங்கிக்கொள்ள முடியாது.

மெட்ராஸிலிருந்து மின்னசோட்டா

இப்போ ஒரு தாவல். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். ஐரோப்பா முழுக்கப் பட்டினி. போர் முடிந்ததும் அவர்களை எப்படித் தேற்றுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். போருக்குப் போக மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி, கூடவே வாரம் 22 மைல் நடை. அவர்களுக்குக் கொடுத்த சாப்பாடு சராசரியாக எவ்வளவு தெரியுமா? சுமார் 1,600 கலோரி.

அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இழந்தார்கள். எடை போனது பரவாயில்லை. எப்போதும் குளிர். எரிச்சல். சோர்வு. சாப்பாட்டைப் பற்றியே கனவு. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். இது நல்ல ஆரோக்கியத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு, டாக்டர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது நடந்தது.

1950இல் கீஸ் இதைப் பெரிய இரண்டு தொகுதிப் புத்தகமாக வெளியிட்டார். பட்டினி பற்றி அதுவரை உலகத்தில் இருந்த மருத்துவப் பதிவுகளையெல்லாம் தேடித் தொகுத்தார். அதில் போர்ட்டரின் மெட்ராஸ் பதிவும் உண்டு. தாது வருஷத்தில் இங்கே பெயர் இல்லாமல் செத்தவர்களின் உறுப்பு எடைகள், இன்றைக்கும் பட்டினி மருத்துவத்தின் அடிக்கல்லில் இருக்கின்றன.

தரை எப்போது கூரை ஆனது?

இதுவரை பார்த்த சண்டையெல்லாம் தரையைப் பற்றியது. மனுஷனுக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு அளவு. கலோரி நம் நாட்டுக்கு வந்ததும் அந்த வேலைக்குத்தான். நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அரிசியில் இவ்வளவு, கேழ்வரகில் இவ்வளவு என்று. அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அய்க்ராய்டே பிறகு வங்காளப் பஞ்ச விசாரணைக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தார். 1979இல் திட்டக் கமிஷன் குழு வறுமைக் கோட்டைக் கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்ததும் இதே தரை எண்ணத்தில்தான்.

அமெரிக்காவில் இன்னொரு கதை ஓடியது. 1918இல் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். சாப்பாட்டை இட்லியாக, தோசையாகப் பார்க்காதீர்கள், இத்தனை கலோரி இட்லி என்று பாருங்கள் என்கிற மாதிரி. (இட்லி என்னுடைய உதாரணம்!) எடை குறைய ஒரு நாளைக்கு 1,200 என்றார். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. அன்றிலிருந்து கலோரிக்கு இரண்டாவது வேலை வந்தது. இதற்கு மேலே போகாதே என்று சொல்லும் கூரை.

தரையும் கூரையும் ஒரே நம்பரில் எழுதப்பட்டிருப்பதுதான் பிரச்சினை. 1,600 என்ற நம்பருக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாது. உங்கள் ஆப்புக்கும் தெரியாது.

அப்போ, 16:8 பொய்யா?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தேவைக்கு மேல் எடை இருப்பவர் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும், பலருக்கு அது நல்லதும்கூட. பட்டினி நேரத்தில் ஏதாவது தனி மந்திரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2022இல் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆய்வில் உடல் பருமன் உள்ள 139 பேரைப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு பாதிக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்து, நேரம் பார்த்தவர்கள் சராசரி 8 கிலோ, பார்க்காதவர்கள் 6.3 கிலோ குறைத்திருந்தார்கள். புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதியானது இல்லை. அதாவது வேலை செய்தது கடிகாரம் இல்லை, தட்டு. நேரக் கட்டுப்பாடு சிலருக்கு ராத்திரி நொறுக்குத் தீனியை நிறுத்த உதவும். உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், சாப்பாட்டோடு மனசு ஏற்கெனவே மல்லுக்கட்டியவர்கள், வளர்கிற பிள்ளைகள், தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நானும் பிறகு ஒரு டாக்டரிடம் போனேன். அவர் எடையைக் கேட்டார். அதோடு நிற்கவில்லை. என்ன வேலை? நைட் ஷிப்டா? எத்தனை மணி நேரம் தூக்கம்? ஓடுகிறாயா? தலை சுற்றல் எத்தனை நாளாக? கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் பார்க்கச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கார்னிஷ் ஞாபகம் வந்தார். ஆப் என்னிடம் மூன்று நம்பர் கேட்டு ஒரு நம்பர் கொடுத்தது. இவர் உடம்பைப் பார்த்தார். ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டை 2,000 பக்கம் ஏற்றி, மெதுவாக இறங்கச் சொன்னார். பருப்பும் காய்கறியும் கூட்டச் சொன்னார். கார்னிஷ் எழுதிய அதே பட்டியல்!

போட்டியில் தோற்றேன். ஸ்மார்ட்வாட்ச் வேறொருவர் கையில் இருக்கிறது. எட்டு மாதத்தில் 76க்கு வந்திருக்கிறேன், தலை சுற்றல் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏதாவது ஒரு நம்பர் இவ்வளவுதான் சாப்பிடு என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்கிறேன். இதை யார் போட்டது? எந்த உடம்பை, எந்த வேலையை மனசில் வைத்துப் போட்டது? எனக்கு முடியவில்லை என்றால் யார் கவனிப்பார்கள்? டெம்பிளின் ஒரு பவுண்டு இந்த மூன்றிலும் தோற்றது. என் ஆப்பும் தோற்றது. எனக்குக் கவனிக்க ஒரு ஆயா இருந்தார், இளநீர் கொடுக்க ஒரு அக்கா இருந்தார்.

இன்றைக்கும் எங்க தெருவில் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹார்பர் கேட்டில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவர், விடியற்காலையில் குப்பை வண்டி தள்ளும் அக்கா, பைக்கில் நமக்குப் பிரியாணி கொண்டுவரும் தம்பி. அவர்கள் யாரும் அதை டயட் என்று சொல்வதில்லை. அடுத்த முறை பார்சல் வாங்கும்போது, "சாப்டியாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி பேர் சிரிப்பார்கள்.

இந்த ஸ்கிரிப்டை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கஞ்சித் தொட்டி வந்த இடத்தில் தலையாட்டினார். தன்னுடைய அம்மா அந்த ஆஸ்பத்திரியில்தான் தன்னைப் பெற்றார் என்றார். டெம்பிள் வந்த இடத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒரு பவுண்டு போதும்னாரே, அவுரு இன்னா சாப்டாராம்?"

என்னிடம் பதில் இல்லை. ஆயா எழுந்து போய் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழும், தொட்டுக்க வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். ஆப்பில் பதிவு செய்யாமல் குடித்தேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம், மக்களே. சாப்பிட்டுவிட்டு வாங்க.